கூரைக்கு முன் காய்ச்சிய பால்

கூரை இல்லாத வீட்டில் பால் காய்ச்சுவதை என் வாழ்நாளில் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். அதுவும் ஒரு வீட்டிலன்று, ஒரு வரிசை முழுவதிலும். ஆனி மாதத்துக் கடைசி நல்ல நாள் அது. மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாற்றை நோக்கிச் சரியும் மேட்டு நிலத்தில் செங்கற்சுவர்கள் மட்டும் எழுந்து நின்றன. கதவில்லை, கூரையில்லை. ஒவ்வொரு சுவர்க்கட்டுக்குள்ளும் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கி, புதுப்பானையில் பாலை ஏற்றி, பெண்கள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தனர். புகை தடையின்றி வானத்துக்குப் போயிற்று. எல்லாரும் மகிழ்ந்திருந்தோம். அதன்பின் நடந்தவற்றுள் எது எதனால் நடந்தது என்று இந்த முதுமையிலும் என்னால் ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். குளத்துக்குக் கிழக்கே ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தேன். எங்கள் கொல்லைக்கு அப்பால் கால்வாய். அதன் கரையில் குடிசைகள். எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வரும் அம்மையார் அவற்றுள் ஒன்றில் வாழ்ந்தார். அவர் கணவர் லஸ் முனையில் கைரிக்ஷா இழுப்பவர். ஐப்பசி மழை வலுத்தால் கால்வாய் கரையேறிக் குடிசைகளுக்குள் புகும். அப்போது அடுப்பும் பாயும் பரணுக்குப் போகும். மக்கள் கோயிற்புறத்து மண்டபங்களில் ஒதுங்குவர். ஆண்டுதோறும் நிகழ்ந்ததால் அதனை எவரும் இடர் என்று சொல்வதில்லை. மழைக்காலம் என்றே சொல்வர்.

ஆயினும் நான் சொல்லவரும் ஆண்டில் அம்மையாருக்கு அது பேரிடராக வளர்ந்து நின்றது. அவருடைய ஒரே மகளைச் சைதாப்பேட்டையில் மணம் செய்து கொடுத்திருந்தார். அப்பெண் முதற்பேற்றுக்குக் காத்திருந்தாள்; பிள்ளை பிறக்கும் காலம் ஐப்பசி. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதானே நம் வழக்கம்? சம்பந்தியம்மாள் மறுத்துவிட்டாள்.

"தண்ணி பூர்ற குடிசைக்கு என் மருமவள அனுப்ப மாட்டேன்னு அந்தப் பொம்பள மூஞ்சில அடிச்சாப்ல சொல்லிட்டாம்மா," என்று என் மனைவியிடம் கூறி, உலக்கையை ஓங்கி ஓங்கிப் போட்டார் அம்மையார். "செவுரு வெச்ச வூடு ஒண்ணு கட்டு, அப்பால வந்து கூப்புடுன்றா. நான் இன்னா ஜமீன்தாரியா?"

அவ்வேளையில்தான் அரசின் உதவி வந்தது. அதை அனுப்பியது எந்த அலுவலகம் என்பது எனக்கு இன்றுவரை தெளிவில்லை. வினவியபோது ஒருவர் ஓர் இலாகாவைச் சொன்னார். அடுத்தவர் வேறொன்றைச் சொன்னார். இருவரும் உறுதியாகவே சொன்னார்கள். கால்வாய்க்கரைக் குடிசைகளை நீக்கி, குடியிருப்போர்க்கு மேட்டு நிலத்தில் ஓட்டுவீடுகள் கட்டித் தருவதாகத் திட்டம். மிதிவண்டியில் ஓவர்சியர் ஒருவர் வந்து, குடும்பந்தோறும் அவரவர்க்குரிய மனையைக் காட்டினார். நிபந்தனைகள் இரண்டு. வீட்டுக்குக் குடிபோனவுடன் பழைய குடிசை இடிக்கப்படும். ஏனெனில் குடிசையில் தாம் இருந்துகொண்டு வீட்டைப் பிறர்க்கு வாடகைக்கு விடுவர் என்று மேலிடத்தார் அஞ்சினர். வீடு முடிந்தவுடன் குடிபோகாதவர்க்கு அந்த வீடு இல்லை. வேண்டாதவர் போலும் என்று கொண்டு வேறொருவர்க்குக் கொடுத்துவிடுவர். தனித்தனியே நோக்கினால் இரண்டும் நேரியனவே.

சுவர்கள் விரைந்து எழுந்தன. ஓடுகள் வரவில்லை. ஆடி பிறக்கச் சில நாட்களே இருந்தன.

"ஓடு ஆடில வந்துதுன்னு வையி," என்று ரிக்ஷாக்காரர் ஒருநாள் மாலை எங்கள் கொல்லை வாயிலில் நின்று என்னைக் கேட்டார். "ஆடில எவனாச்சும் குடி போவானா? போவலன்னா வூடு பூடும். போனா குடும்பம் பூடும். இதுக்கு இன்னா சொல்ற வாத்தியாரே?"

"ஆடியில் புதுமனை புகுதல் மரபன்று என்பதை அதிகாரிகளிடம் தக்கவாறு எடுத்துரைத்துக் காலநீட்டிப்புப் பெறலாம்," என்றேன்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமே சொல்றாரு?"

"தொரைய போய்ப் பாப்பாராம்," என்றார் அம்மையார். "நீ பாக்கறதுக்குள்ள ஆவணி வந்துடும் சாமி. இதுக்கு எதுக்குத் தொரை? ஆனிலியே பால காச்சிட்டா தீந்துது. பால் காச்சின வூட்டுக்கு அப்பால எப்ப போனா இன்னா? அது நம்ம வூடு. ஆடியாவது கோடியாவது."

இதில் புதுமை ஒன்றுமில்லை. நல்ல மாதத்தில் பால் காய்ச்சிவிட்டால் குடிபுகுந்ததாகவே கணக்கு. தட்டுமுட்டுகளோடு பின்னர் எம்மாதத்தில் போயினும் குற்றமில்லை. எங்கள் உறவிலும் பலர் அவ்வாறு செய்ததுண்டு. ஆனால் அவர்கள் வீடுகளுக்குக் கூரை இருந்தது. அந்த வேறுபாடு அப்போது எவர்க்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. அம்மையார் அழைத்ததால் நானும் போயிருந்தேன். பால் பொங்கி வழிந்து புதுச்சுவரில் தெறித்தது. பெண்கள் குலவையிட்டனர். அவ்வொலியினிடையே மோட்டார் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. வேலையைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரை இறங்கினார். ஓவர்சியர் மிதிவண்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தார். துரை, வரிசை நெடுக எழுந்த புகையைப் பார்த்தார், அடுப்புகளைப் பார்த்தார், மஞ்சள் பூசிய, நிலைச்சட்டமில்லாத வாயில்களையும், மாக்கோலங்களையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை மறக்க முடியாது. அம்மையார் ஒரு லோட்டாவில் பாலை ஊற்றி நீட்டினார். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றபடியே குடித்தார். எனக்கும் ஒரு லோட்டா வந்தது, குடித்தேன்.

துரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, ஓவர்சியர் மக்களை நோக்கி, "குடி வந்தாச்சான்னு கேட்கிறார்," என்றார்.

"வந்தாச்சி, வந்தாச்சி! பால் காச்சிட்டோமே!" என்று வரிசை முழுவதும் மறுமொழி எழுந்தது.

பொய் சொன்னவர் ஒருவருமில்லை.

அடுத்த வாரம் ஆட்கள் கடப்பாரையோடு கால்வாய்க்கரைக்கு வந்தனர். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது குடிசைகள் நின்ற இடத்தில் மூங்கில்களும் கீற்றுகளும் குவிந்து கிடந்தன. அம்மையார் அம்மிக்கல்லின்மேல் அமர்ந்திருந்தார். ஓவர்சியரை வழிமறித்தேன்.

"கூரையில்லாத வீட்டில் எவ்வாறு ஐயா குடியிருப்பது? அன்று அவர்கள் செய்தது சடங்கு மட்டுமே என்பது தாங்கள் அறியாததா?"

"ஏன் அறியாம?" என்றார் அவர். நல்ல மனிதர்தான்; கண்கள் கலங்கியிருந்தன. "திருவல்லிக்கேணியில நான் வீடு கட்டினப்ப நானே ஆனியில பால் காய்ச்சி, ஆவணியிலதான் போனேன். ஆனா தொரை கண்ணால பார்த்துட்டாரே! சமையல் நடக்குது, சனங்க சிரிக்கிறாங்க, குடிவந்தாச்சுன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. இவ்வளவு ஆர்வமா குடியேறின சனங்களை எங்கேயும் பார்த்ததில்லைன்னு மேலே எழுதிட்டார். இப்ப நான் போய், இல்லைங்க, அது வெறும் பாலுன்னா, ரெண்டு பேருக்கும் அவமானம்."

"ஓடுகள்?"

"அதைக் கேட்காதீங்க. சனங்க குடியேறிட்டா வீடு முடிஞ்சதாத்தானே அர்த்தம்? முடிஞ்ச வீட்டுக்கு எதுக்கு ஓடுன்னு மேலேயிருந்து கேட்டிருக்காங்க. பதில் எழுதியிருக்கேன். வரும்."

வீட்டுக்குத் திரும்பியவன் உண்ணாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். "என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்டாள். விளக்கத் தொடங்கி, நடுவில் வழி தவறி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். கேட்டு முடித்து அவள், "அப்போ யார் மேல தப்பு?" என்றாள். அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். துரை நல்லவர், ஓவர்சியர் நல்லவர், அம்மையார் மரபு வழுவாதவர். இம்மூவரும் கூடி ஒரு வரிசைக் குடும்பங்களை வானத்தின் கீழ் நிறுத்திவிட்டனர்.

எனக்குக் குழப்பமாயிருந்தது அம்மையாருக்கு இல்லை. ஆடிச் சாரல் ஒன்று அடித்தவுடனே, எரிப்பதற்கென்று குவித்துவைத்திருந்த பழைய கீற்றுகளைப் பெண்கள் தலைச்சுமையாகத் தூக்கிப் போனார்கள். மூங்கில்களை ஆண்கள் ரிக்ஷாக்களில் ஏற்றிச் சென்றனர். இரண்டு மூன்று நாட்களில் அந்த வரிசை முழுவதும் செங்கற்சுவரின்மேல் பழங்கீற்று வேய்ந்து நின்றது. கால்வாய்க்கரையில் கண்ட அதே கூரைகள், இப்போது உயர்ந்து நேர்வரிசையில் நின்றன. அரசின் உதவியால் குடிசைகள் மேட்டுக்கு ஏறியிருந்தன என்று சொல்லலாம். வீடுகள் ஆயின என்று சொல்லலாமா என்பது தெரியவில்லை.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து, பெண்ணை அனுப்பலாமா என்று பார்க்கச் சம்பந்தியம்மாள் சைதாப்பேட்டையிலிருந்து வந்தாள். அன்று எங்கள் வீட்டில் நெல் குத்தி முடித்ததும் அம்மையார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீ ஒண்ணும் பேச வாணாம் வாத்தியாரே. சும்மா நில்லு. ஒன்னப் பாத்தா அவ கொஞ்சம் அடங்குவா," என்றார்.

சம்பந்தியம்மாள் சுவரை உள்ளங்கையால் தட்டினாள். முழங்காலளவு உயர்ந்த அடித்தளத்தைக் குனிந்து பார்த்தாள். பின்பு அண்ணாந்தாள்.

"இன்னாடி இது, கீழ வூடு மேல குடிசை?"

"செவுத்தப் பாக்க வந்த, செவுத்தப் பாரு. மேல இன்னாத்துக்குப் பாக்கற?"

"ஒழுவாதா?"

"ஒன் வூட்டு ஓடு ஒழுவுல? போன கார்த்திகைல சட்டி வெச்சிகினு குந்தினு இருந்தது யாரு, நானா?"

சம்பந்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுப்பது கடினம். "தண்ணி இங்க ஏறாதில்ல?" என்று மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள். மேட்டு நிலத்தின் இயல்பைப் பற்றி நான் சொல்லத் தொடங்குமுன் அவள் திரும்பிவிட்டாள். அவ்வாரமே பெண் தாய்வீடு வந்தாள். ஐப்பசியில், கால்வாய் கரையேறி வெற்றுக்கரையை மூழ்கடித்த நாட்களில், மேட்டின்மேல் பெண்குழந்தை பிறந்தது.

இதனோடு முடிந்திருந்தால் எனக்குக் குழப்பமில்லை. தீட்டுக் கழியுமுன், மழை சற்றே விட்ட ஒரு பகலில், நான் நலம் விசாரிக்கப் போயிருந்தபோது, ஓடுகள் வந்துவிட்டன. வண்டி வண்டியாய் வந்து வரிசைமுன் இறங்கின. ஓவர்சியர் மகிழ்ச்சியோடு ஓடிவந்து, கீற்றை உடனே பிரித்தெறியுமாறு கூறினார். புதுக்குடியிருப்பில் கீற்று ஆகாது, தீப்பிடிக்கும் என்பது ஆணை. ஓடு வேய ஒழிந்து கிடைக்காத வீட்டின் ஓடு திரும்பிப் போய்விடும் என்பதும் ஆணை. மற்றவர்கள் பிரிக்கத் தொடங்கினர். அம்மையார் தம் வாயிலில் குறுக்கே நின்றார்.

"உள்ள பச்ச ஒடம்புக்காரி கீறா. மேல கூர இல்லாம மானத்தப் பாத்துகினு எப்படிப் படுக்க வெப்பேன்? கை வெச்சிப் பாரு!"

"ஒரு நாள்தாம்மா. நாளைக்கு ஓடு போட்டுடுவாங்க. வேற வீட்டுக்குப் போய்..."

"தீட்டுக்காரிய எவ உள்ள சேப்பா? இன்னிக்கி பிரிச்சி ராவுல மழ கொட்டுச்சின்னா? ஒங்குளுக்கு எல்லாமே அவசரம்யா. பாலு காச்சினா அவசரம், கொழந்த பெத்தா அவசரம்!"

"பிரிக்கலைன்னா ஓடு திரும்பப் போயிடும்மா. என் கையில இல்லே."

அம்மையார் உள்ளே திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் அச்சத்தைக் கண்டேன். ஓடுகளை இழந்தால், கீற்று ஆகாத அக்குடியிருப்பில் வீடே கை நழுவும். பிரித்தால் மகளும் குழந்தையும் நனைவார்கள். சம்பந்தியம்மாள் நாளையே வந்து அழைத்துப்போவாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. நான் ஓவர்சியரிடம் ஆணையின் சொற்களை ஒருமுறை கூறுமாறு கேட்டேன். அவர் கூறினார். கீற்று ஆகாது, ஓடு வேயப்பட வேண்டும் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. எனக்கு எவ்வழியும் தோன்றவில்லை.

வழி கண்டவர் ரிக்ஷாக்காரர். அதுவரை சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"கீத்து செவுத்தத் தாண்டாம எறக்கமா கீது. அதும் மேல சட்டம் போட்டு ஓட்ட அடுக்கு. வெளிய நின்னு பாக்கறவனுக்கு ஓடுதான தெரியும்?"

"தீப்பிடிக்குமே?" என்றார் ஓவர்சியர்.

"அப்ப கைக்கொழந்தைக்குத் தீட்டு கழிஞ்சா நானே பிரிச்சிடறேன். ஓட்ட மட்டும் திருப்பி அனுப்பாத நைனா."

ஓவர்சியர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்து வந்தது. ஓடு வேய வந்திருந்த தச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். பொழுது சாயுமுன் அவ்வீட்டில் மட்டும் கூரையின்மேல் கூரை ஏறியது. அன்றிரவே பெருமழை. வரிசையில் கீற்றைப் பிரித்து, ஓடு பாதியில் நின்ற வீட்டினர் எல்லாரும் அந்த ஒரு வீட்டுக்குள் நெருங்கி உட்கார்ந்திருந்தனராம். தீட்டைப் பற்றி அன்று எவரும் பேசவில்லையாம்.

தீட்டுக் கழிந்தபின் கீற்றைப் பிரித்தார்களா? இல்லை. பேத்தி தவழ்ந்தபோதும் அது இருந்தது. துரை மீண்டும் ஒருமுறை வந்து உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். ஓவர்சியர் வெப்பத்துக்கு நல்லது என்று சொல்லிவைத்தார். துரை மிகவும் வியந்து, அதையும் எங்கோ எழுதிக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்கும் கீற்று தருமாறு சொன்னாரா, கீற்று கூடாது என்பதை மறந்தாரா, எனக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் நெல் குத்த வந்த அம்மையாரிடம், "இப்போது மழையைத் தாங்குவது ஓடா, கீற்றா?" என்று கேட்டேன்.

"மேல கீறது தொரையிது, கீழ கீறது எங்குளுது," என்றார் அவர். "எது நிறுத்துதுன்னு மழையக் கேட்டுச் சொல்லு வாத்தியாரே. பேத்தி வந்துகீறா, நான் போயி கொழந்தையத் தூக்கணும்."

முறத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.