ஒடிந்த படலம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். புண்மேல் ஒட்டும் மெல்லிய படலமாக அதை ஆக்குவதுதான் என் ஆராய்ச்சி. புன்னக்காயலில் இறால் உரிக்கும் ஓர் அக்காதான் ஓடுகளைக் காயவைத்து பஸ்ஸில் கொண்டுவந்து தருவார். நாற்றத்துக்குக் கண்டக்டர் மூக்கைப் பொத்துவதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

அவருக்குச் சர்க்கரை நோய். சிப்பி கிழித்த கால்விரல் புண் ஆறவே இல்லை. துணி சுற்றிய காலோடு ஒருநாள் வந்தவர், கண்ணாடித் தட்டில் பளபளத்த படலத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது நான் கொண்டாந்த ஓடா பிள்ள? எனக்கு ஒண்ணு தாயேன், ஒட்டிப் பாக்கேன்."

"இன்னும் ஆளுங்களுக்குப் போடக்கூடாதுக்கா. கிருமி நீக்கணும், சோதனை பண்ணணும். நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"போவேன். இப்பம் ஒரு நா வேலைக்கு வராம நின்னாலும் வேற ஆளப் போட்டுருவேன்னு எறால் ஏவாரி சொல்லுதான். சீசன் முடியட்டும்."

கிருமி நீக்குவதற்காகப் படலங்களைக் காமா கதிர் பாய்ச்சும் நிலையத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது மஞ்சளாகியிருந்தன. இடுக்கியால் தூக்கியதும் அப்பளம்போல் ஒடிந்தன. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கதிர்கள் துண்டு துண்டாக அறுத்துவிட்டன என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

ஒடிந்ததைக் கரைத்து, ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் வாழைக் கன்றுகளுக்குத் தெளித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். குட்டைச் சங்கிலிகள் செடிக்குள் எளிதாக இறங்கும் என்றார். கன்றுகள் இலை விரித்துச் செழித்தன. என் ஆய்வே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சீசன் முடிந்து அக்கா வந்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம். படலம் என்னாயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"வாழைக்கு ஆச்சு, எனக்கு ஆவலியே," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்றில்லாத உறையிலிட்டு, குறைந்த அளவில் கதிர் பாய்ச்சி, ஒடியாத படலத்தை எடுக்கப் பிறகு வெகுகாலம் ஆயிற்று. முதல் முறையே அது சரியாக வந்திருந்தாலும், சோதனை முடியாமல் அவர் காலுக்குப் போட்டிருக்க முடியாது. தெரிந்தும் மனம் கேட்பதில்லை.

விரல் போனபின் அக்கா வந்த அன்று பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தார். அதற்குமுன் அவர் யாரையும் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை.