கலியபெருமாள் கேட்ட கேள்விகள்

முதுநகர் மீன் மார்க்கெட்டில் நின்றிருந்தபோது என் மச்சான் வந்து சொன்னான்: "மாமா, மருந்துக்கடை கலியபெருமாள் போய்ட்டாராம்." கையிலிருந்த சங்கரா மீனைக் கூடையிலேயே போட்டேன். துக்கம் என்று சொல்ல மாட்டேன். இனி யாரோடு சண்டை போடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

அவரை அறிந்த நம் தெருக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வயதில்தான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சந்தோஷம்! அவரைத் தாளிலேயே திட்ட முடிகிறது. பண்பாளர், பாசமிகு அண்ணன் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பாதி பொய். அவர் சிடுமூஞ்சி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து எனக்கு முழங்கால் வலி. கடையில் போய் நின்றால் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நாலு கலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து நீட்டுவார். அதற்குப் பெயர் செட். காய்ச்சலுக்கு ஒரு செட், வலிக்கு ஒரு செட். விழுங்கிவிட்டு வேலைக்குப் போவோம். ஒரு வம்பும் இல்லை.

பிறகு மருந்துக்கடைக்காரர்களுக்குச் சிதம்பரத்தில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். போய்வந்தவர் ஆளே மாறிவிட்டார். யாருக்கு, எத்தனை நாளாய், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மூன்றும் கேட்ட பிறகுதான் டப்பாவைத் திறப்பார்.

"என்னாய்யா, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்குற?" என்றேன். கடை வாசலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பதில் சொல்லாதவங்களுக்கு மாத்திரை இல்ல. தைலம் இருக்கு, தேச்சிக்கிட்டுப் படுங்க," என்றார்.

போகும்போதும் வரும்போதும் அந்த வாசலில் நின்று ஏசினேன். ஜனங்கள் எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். அங்கே செட் கிடைத்தது.

சில மாதங்களில் அவருடைய பயிற்சி தேய்ந்தது. மூன்று கேள்வி ஒன்றானது. கூட்டம் இருந்தால் அதுவும் இல்லை. என்னைக் கண்டால் வாயே திறப்பதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் எனக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். முழங்கால் தெறித்த ஒரு சாயங்காலம் கலியபெருமாளிடம் செட் கேட்டேன். கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொடர்ந்து அதையே வாங்கி விழுங்கினேன். ரத்த வாந்தி எடுத்துச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் செட்டில் இருந்த வலி மாத்திரையும் ஒரே வயிற்றுக்குள் போகவே கூடாதாம். கடையில் கேட்கவில்லையா என்றார் டாக்டர்.

தேறியதும் நேரே கடைக்குப் போனேன்.

"நீங்கதான கேக்காதன்னு சண்டை போட்டீங்க," என்றார் கலியபெருமாள்.

"நான் ஆயிரம் சொல்லுவன்யா. சிதம்பரத்துக்குக் கூப்ட்டு சொல்லிக் குடுத்தது உனக்கா, எனக்கா?"

மறுநாளிலிருந்து மூன்று கேள்வியும் திரும்பி வந்தன. இந்த முறை ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போனாலும் அவர் அசையவில்லை. கூட்டம் ஜாஸ்தியாகி யாராவது அவசரப்படுத்தினால், "அவசரத்துல குடுத்துதான் இவரு செத்துப் பொழச்சாரு," என்று எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டுவார். இருமல் மிட்டாய் வாங்கப் போனாலும் காட்டுவார். அந்த அவமானத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் போனபின் அடைத்திருந்த கடை போன வாரம் திறந்திருந்தது. அவர் மருமகன் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் என்றேன். போனைப் பார்த்தபடியே நாலு மாத்திரையை மடித்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்னா பெரியவரே, வேணாமா?"

"வேணும். மொதல்ல கேளு."

"என்னா கேக்கணும்?"

கலியபெருமாள் எனக்கென்று விட்டுப்போனது அந்த மூன்று கேள்விகள்தான். மருமகனுக்கு அவற்றைச் சொன்னேன், அதே சிடுசிடுப்போடு, ஒவ்வொன்றாக, நிதானமாக. எனக்குப் பின்னால் நின்ற கூட்டம் என்னைத் திட்டத் தொடங்கியது.