தட்டுக்கு அடியில் புளி

செஞ்சியில் என் அண்ணன் வீட்டுக் குளியலறைக்குப் பல் துலக்கப் போகிறவர் முதலில் சந்திப்பது என் மகளின் இரண்டு முன்பற்களை. எவர்சில்வர் டம்ளரில், தண்ணீருக்குள், அவை யாரையும் குறிப்பிடாமல் சிரித்துக்கொண்டிருக்கும். நாங்கள் வந்த இரண்டாம் நாள் அண்ணி அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டார். மண்ணில் பல் கிடப்பதைக் கண்டு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துக் கழியோடு ஓடி வந்தார். பாம்பு இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மாலைக்குள் பஜார் முழுவதும் செய்தி போய்விட்டது: கனடாப் பொண்ணுக்குப் பல் செட்டாம். இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, முன்பல்லும் இல்லை. குடும்ப மானத்தைக் காக்க அண்ணி, "ஸ்கூட்டியில இருந்து வுழுந்துட்டா" என்று ஒரு கதையைக் கிளப்பிவிட்டார்.

உண்மை அதைவிட நம்ப முடியாதது. என் மகள் அமுதா கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறாள். பொழுதுபோக்காக இல்லை, சம்பளத்துக்கு. பெண்களுக்கான தொழில்முறைப் போட்டியில் ஒரு நகரத்து அணியின் தடுப்பாட்டக்காரி. அண்ணன் கடைக்கு மளிகை வாங்க வந்த ஒருவருக்கு இதை விளக்க முயன்றேன்.

"இன்னாண்ணே, பாப்பா இண்டியா டீமா?"

"இல்லிங்க, கனடா. ஐஸ் மேல ஆடற ஹாக்கி."

"ஐஸ் மேலயா? வழுக்கிடாது?"

"வழுக்கறதுதாங்க ஆட்டமே."

அவர் மளிகைப் பையை எடுத்துக்கொண்டார். "அப்ப ஸ்கூட்டின்னே சொல்லுங்க," என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு முன் நான் கனடா போனபோது எனக்கும் அது விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட் முழுதும் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவன் நான். அங்கே ஒரு பொது நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் வேலை; மீதி நேரத்தில் புலம்பெயர்ந்தோர் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி. இப்படிப்பட்டவனுக்கு ஐந்து வயதில் சறுக்குக் காலணி கேட்டு அழுத மகள் பிறந்தாள். பதினைந்து வயதில் அவளைப் பெரிய அணிக்கு எடுத்தார்கள். அணி இருந்த ஊர் ஐந்து மணி நேரத் தொலைவு. அங்கே ஊர்க்காரர் யாராவது ஆட்டக்காரப் பிள்ளையைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவார். பெற்றவர்கள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த வீட்டு வாசலில் நானும் என் மனைவியும் நன்றி சொன்னோம். திரும்பும் வழியில் பழக்கத்தில் மூன்று பேருக்குக் காபி வாங்கினேன். பிறகு கல்லூரி, பிறகு தொழில்முறை அணி. அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் அடிக்கும் கெட்டி ரப்பர் வில்லையை, அது வேகமாக வரும்போது உடம்பால் தடுப்பது அவளுடைய சிறப்பு என்று அங்கத்திய பத்திரிகைகள் எழுதின. பற்கள் போனது அப்படித்தான்.

பல் போனால் செட் வைக்கலாம். போன குளிர்காலத்தில் எதிரணிக்காரி ஒருத்தி தோளால் மோத, அமுதாவின் தலை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையில் அடித்தது. தலையில் அடி அவளுக்கு அது மூன்றாவது முறை. ஐஸ் மேல் கிடந்தாள், அசையவில்லை. பிறகு முழங்காலில் எழுந்தாள். உடனே இரண்டு அணிகளும் மட்டையால் ஐஸைத் தட்டின, கூட்டம் கை தட்டியது. அங்கே அது மரியாதை. பக்கத்து இருக்கை அம்மாள் என் கையைப் பிடித்து, உங்கள் மகள் எவ்வளவு உறுதியானவள், உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கை தட்டினேன்.

சில வாரங்களில் சோதனை வைத்தார்கள். மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, மதிப்பெண்கள் முன்போலவே இருக்கின்றன என்றார் அணியின் மருத்துவர். நான் நூலகத்தில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன். அமுதா மீதி ஆட்டங்களையும் ஆடி முடித்தாள். ஆட்டப் பருவம் முடிந்ததும் ஓய்வுக்காகச் செஞ்சிக்குக் கூட்டி வந்தேன். மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்புக் கிடைக்கவில்லை.

வந்த நேரம் ஆடி மாதம். தெருவுக்குத் தெரு அம்மன், அம்மனுக்கு நான்கு ஒலிபெருக்கி. அமாவாசையன்று மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே ஹாரனை அழுத்தியபடி ஊரைக் கடந்தன. அமுதா கறுப்புக் கண்ணாடியோடு கடையின் பின்கட்டுக்குப் போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி உப்பு எடுத்துவரச் சொன்னால், கடை நடுவில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பாள். எல்லாவற்றுக்கும் நான் வெயிலைக் காரணம் சொன்னேன். வெயில் எதிர்த்துப் பேசாது.

ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் மின்தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அமுதா மூட்டை மேல் இருந்தாள். எங்கள் நைனா காலத்துத் தராசுகளைப் பற்றி அண்ணன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சரக்கு வைக்கும் தட்டின் அடியில் கொஞ்சம் புளியை ஒட்டிவிடுவார்களாம். தட்டு முதலிலேயே கனத்திருக்கும், குறைத்துப் போட்டாலும் முள் நேராக நிற்கும். எதிர்க் கடைக்காரர்தான் அப்படிச் செய்தாராம். எங்கள் கடையின் பெயர் கருதி நானும் அப்படியே எழுதுகிறேன்.

அமுதா சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு சட்டென்று நின்று, "நாங்களும் அதத்தான் பண்றோம் பெரிப்பா," என்றாள்.

ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன், தலை நன்றாக இருக்கும்போதே ஆட்டக்காரர்களைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு சோதனை வைப்பார்கள். சொற்களை நினைவில் வைக்க வேண்டும், வடிவங்களை அடையாளம் சொல்ல வேண்டும், விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை. முன்பு எடுத்த மதிப்பெண் திரும்ப வந்துவிட்டால் குணமாகிவிட்டதாகக் கணக்கு. அதனால் முதல் சோதனையில் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லி மதிப்பெண்ணைத் தாழ்த்தி வைத்துக்கொள்வார்களாம். மூத்த ஆட்டக்காரி ஒருத்தி இவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

"டாக்டருக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

"எல்லாருக்கும் தெரியும் பெரிப்பா. கொஞ்சமா தப்பு பண்ணணும். ரொம்ப பண்ணா மெஷின் கண்டுபிடிச்சிடும்."

"ஆமாமா, அளவாத்தான் ஒட்டணும்," என்றார் அண்ணன், தொழில் தெரிந்தவராக. பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப உனக்கு சரியாயிடுச்சுன்னு அவங்க சொன்னது?"

அமுதா மூட்டையின் தையல் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி உளுந்து அளக்கப் போன என் அண்ணனுக்கு ஒரே மத்தியானத்தில் விளங்கியது, புத்தகங்களுக்கு நடுவே முப்பது வருஷம் வாழ்ந்த எனக்கு விளங்கவில்லை. இதைவிட மோசமான ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அமுதா சாப்பாட்டு மேசையில், "இந்த வருஷமும் டெஸ்ட்ல முட்டாள் மார்க்," என்று கண்ணடித்தாள். நான் அதை என் பத்தியில் எழுதினேன். 'அப்பனுக்குத் தப்பாத பிள்ளை' என்று தலைப்பு. உங்களில் பலர் படித்துச் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். என் மகள் தன் மூளையை அடகு வைப்பதைத்தான் நாமெல்லோரும் சேர்ந்து ரசித்திருக்கிறோம்.

அந்த வாரத்துக்குள் புது ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்திட வேண்டும். போடாதே என்றேன். கத்தினேன் என்பதே சரி. அம்மன் பாட்டைத் தாண்டிக் கேட்டது.

"நீ மட்டும் இன்னா பண்ண நைனா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த கதைதான்: நூலக வேலை கிடைக்கும் முன் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். சேரும்போது முதுகில் கோளாறு உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன். இன்றைக்கும் குனிந்து என்னால் செருப்பு மாட்ட முடியாது. "அது சோத்துக்கு," என்றேன். "இது எனக்குச் சோறு இல்லியா?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: "அஞ்சு வார்த்தை சொல்லு. பத்து நிமிஷம் கழிச்சுக் கேளு. இந்த வாட்டி நிஜமா பண்றேன்."

அரிசி, சாவி, கோயில், குடை, ஆடு என்றேன். பத்து நிமிஷத்துக்குப் பிறகு கேட்டேன். "அரிசி," என்றாள். நீண்ட நேரம் கழித்து, "சாவி." அதற்கு மேல் வரவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் தன்னை அறியாமல், "கோயில், குடை, ஆடு," என்று முணுமுணுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். என் மகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலமே மருத்துவருக்கு எழுதினாள்: முதல் சோதனைகள் எதையும் நான் உண்மையாகச் செய்யவில்லை. மறுநாள் போன் வந்தது. அவளுக்குக் கற்றுக்கொடுத்த அதே மூத்த ஆட்டக்காரி. இனி எங்கள் எல்லாரையும் சந்தேகப்படுவார்கள், எனக்கு இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் இருக்கிறது, உனக்கென்ன போக ஒரு ஊர் இருக்கிறது என்று கத்தினாள். அமுதா கடைசிவரை ஸாரி மட்டுமே சொன்னாள். பிறகு அணியின் கடிதம் வந்தது. ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்படுகிறது, முழுச் சோதனைக்குப் பிறகு முடிவு, உங்கள் நலனே எங்களுக்கு முதன்மை. இத்தனை பருவங்களாக அந்த நலன் எங்கே உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது? தடுக்கி விழுந்தவளுக்குக் கை தட்டுகிறவர்களின் நாகரிகத்தை நான் இந்தப் பத்தியில் எத்தனை முறை புகழ்ந்திருக்கிறேன்! இந்த ஊர்க்காரன் பல் இல்லாத பெண் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவர்கள் மூளை கலங்கியவளை உறுதியானவள் என்கிறார்கள். எது அவமரியாதை என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் திரும்பிப் போகிறோம். உண்மையான சோதனையில் தேறாவிட்டால் அவள் ஆட்டம் முடிந்தது. தேறமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அங்கே பனியின் வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகாது. இங்கே சத்தம் ஆகாது. புதுச்சேரி டாக்டர் ஒருவர் தினமும் கொஞ்சம் படி ஏறச் சொன்னார், தலைக்குள் இடி தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார். அதனால் காலையில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்ததும் செஞ்சி மலைமேல் உள்ள ராஜகிரிக் கோட்டைக்குப் போகிறோம். இடி தொடங்குகிற படியிலேயே அவள் உட்காருவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு படி கீழே.

நேற்று மேலே ஏறிக்கொண்டிருந்த குடும்பஸ்தர் ஒருவர் நின்றார். "இன்னாம்மா, பாதியிலயே குந்திட்ட? எந்த ஊரு நீங்க?"

"கனடா," என்றேன் நான். அதே நேரத்தில், "இங்கதான், செஞ்சி பஜார்," என்றாள் அமுதா.

அவர் அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், என் வேட்டியைப் பார்த்தார். இரண்டு பதிலையும் அவர் நம்பவில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைச் சுற்றி ஏறிப் போனார்.