சுவத்துல மாட்டின கடல்

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு நாங்க மூணு பேரும் ஒரே ஆட்டோவுல நெல்லித்தோப்புக்குப் போனோம். நான், என் மவன் மரியதாஸ், பேத்தி ஸ்டெல்லா. மாப்பிள்ளை பாக்க.

பாக்கன்னா... பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டு வர. மரியதாஸ் அந்த முடிவோடதான் கெளம்புனான். ஸ்டெல்லாவும் முடிவோடதான் கெளம்புனா — கட்டுனா இந்தப் பையனைத்தான்னு. நடுவுல உக்காந்தது நான். யோசிச்சுப் பாருங்க.

பெரிய மார்க்கெட்டாண்ட நிறுத்தி பழம் வாங்கச் சொன்னேன்.

"வேணாம்னு சொல்லப்போற வூட்டுக்கு எதுக்கும்மா ஆப்பிளு?"

"அப்ப வாழைப்பழம் வாங்கு. வேணாங்கறதுக்கு அது போதும்."

பையன் பேரு லூர்து. கடலை வரையறான். வேற வேலை கெடையாது. கடல், வானம், மறுபடியும் கடல். ஓட்டல்காரங்க வாங்கி மாட்டுறாங்களாம். என் மவனோ குருசுக்குப்பத்துல படகு வச்சிருக்கறவன். அவன்கிட்டயே கடலைக் காட்டுனா எப்பிடியிருக்கும்?

உள்ள போனோம். செவுரு பூரா கடல். நான் நாற்காலியில உக்காரும்போது பொடவையைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டேன். நனைஞ்சிட்டா?

நெசமா ஒண்ணு சொல்றேன். ஒரு படத்துல விடியக்காலம். கடலும் வானமும் எங்க ஒட்டுதுன்னு கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுட்டுத் தேடுனேன். தையலே தெரியல. கோடு போடாம விரலால தடவி வுட்டிருக்கான். தண்ணி நீலம்கூட இல்ல — அரிசி கழுவுன தண்ணி கலரு. காலங்காத்தால கடல் அப்பிடித்தானே இருக்கும்? இத்தினி வருசமா பாத்தும் எனக்கு அது அழகுன்னு தோணுனதில்ல. மீன் வருமா வராதான்னுதான் பாத்திருக்கேன்.

மரியதாஸ் ஒவ்வொரு படமா பாத்துட்டே வந்தான்.

"படகே காணோமே தம்பி. மீன்பிடி தடைக்காலத்துல வரைஞ்சீங்களா?"

"படகு போட்டா எல்லாரும் படகைத்தாங்க பாக்கறாங்க," ன்னான் லூர்து மெதுவா. "கடலைப் பாக்க மாட்றாங்க."

"ஓ."

அந்த 'ஓ'வுல பாதிக் கல்யாணம் நின்னு போச்சு. ஸ்டெல்லா என் கையை நறுக்குன்னு கிள்ளுனா. நான் என்ன பண்ணுவேன்? காபியைக் குடிச்சேன்.

மரியதாஸ் கடைசிப் படத்தாண்ட போயி நின்னான். பெரிய படம். கீழ கொஞ்சூண்டு கடல், மிச்சமெல்லாம் வானம். வடகிழக்குல மேகம் கருகருன்னு கட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு அடியில மட்டும் அலுமினியக் குண்டானாட்டம் ஒரு வெளிச்சம். புயலுக்கு முந்தின வானம்.

மரியதாஸ் அசையல. கை மட்டும் சட்டைப் பைக்குப் போச்சு. போனை எடுத்து, தொழில் கூட்டாளி ஆறுமுகத்தைக் கூப்புட்டான்.

"டேய், படகை இன்னும் மேல இழுத்துப் போடுடா. வலையை எல்லாம் உள்ள எடுத்து வை. சீக்கிரம்!"

வெளிய வெயிலு பளீர்னு அடிக்குது. லூர்தோட அம்மா மாடியில வடகம் காயப் போட்டிருக்காங்க.

அப்பத்தான் என் மவனுக்கு, தான் எங்க நிக்கறோம்னு தெரிஞ்சுது. போன்ல ஆறுமுகம் கத்துனது வூடு பூரா கேட்டுது — "அண்ணே, இங்க வெயிலு மண்டையைப் பொளக்குது! நீ எந்த வானத்தைப் பாத்துட்டுச் சொல்ற?"

காலையிலேர்ந்து 'அந்தப் பையன், அந்தப் பையன்'னே சொல்லிட்டிருந்தவன், தொண்டையைக் கனைச்சுக்கிட்டான்.

"மாப்பிள்ளை வூட்டு வானம்டா," ன்னுட்டு போனை வச்சான்.

அவன் வெளிய வந்து நெசமான வானத்தைப் பாத்து மனசு மாறுறதுக்குள்ள, பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு கல்யாணத்துக்கு நாள் கேட்டுட்டேன்.