வெல்டாவும் கவை விட்ட மரங்களும்

வெல்டா ஹாப்பரும் நானும் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரே அடுப்பின் முன் நின்றவர்கள். வீடும் அடுத்தடுத்த வீடு. அவள் வாசலில் நடந்ததெல்லாம் என் சன்னலிலிருந்து தெரியும்.

சான் சபா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில், பருப்புக்காகக் காய் பொறுக்கும் பீக்கான் மரம் இல்லாத வீடு கிடையாது. வெல்டா வீட்டுப் பின்புறம் நின்ற மரத்தை அவள் கணவன் ராய்ஸ் கல்யாணமான வருடம் ஒரு வாளியில் வைத்துக் கொண்டுவந்து நட்டான். மூன்றாவது குளிர்காலத்தில் கன்று உச்சியில் இரண்டாகப் பிரிந்து குறுகலான கவை விட்டது. ஒன்றை வெட்டிவிடு என்று கன்று கொடுத்தவரே சொல்லியிருந்தார். ராய்ஸ் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ரெண்டுமே நல்லா இருக்கு நடீன். நீயே சொல்லு, எதை வெட்டுறது?" என்று வேலிக்கு மேலாக என்னைக் கேட்டான். நான் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டு ரம்பத்தைக் கொட்டகையில் மாட்டிவிட்டான். அதன் பிறகு முப்பத்தோரு வருடம் இரண்டு தலையோடு அந்த மரம் வளர்ந்தது.

அந்தக் கோடை, மழையே இல்லாத கோடை. ஊரில் மற்ற மரங்கள் காயைப் பிஞ்சிலேயே உதிர்த்துவிட்டன. வெல்டா தினமும் காலையில் ரப்பர் குழாயை வேர்ப்பக்கம் போட்டு மெதுவாகத் தண்ணீரைக் கசியவிட்டாள். ஆகஸ்டில்தான் பீக்கானுக்குள் பருப்பு பிடிக்கும், அப்போதுதான் மரத்துக்குத் தாகமும் அதிகம். "எனக்கு ஒரு டம்ளர் டீ வேணும்னா மூணு தடவை கூப்பிடணும். அதுக்குக் கேக்காமலே கிடைக்குது" என்று ராய்ஸ் கேலி செய்வான். கிளைகள் பச்சைக் காயோடு தரையைப் பார்த்துத் தொங்கின.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி இருக்கும். காற்றே இல்லை. ராய்ஸ் மரத்தடியில் நாற்காலி போட்டு, புல் வெட்டும் இயந்திரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மரம் கவையில் பிளந்து பாதி கீழே வந்துவிட்டது. நான் ஓடினேன். வெல்டா சமையலறையில் வெண்டைக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வெளியே வந்தாள்.

இலைக்குள்ளிருந்து அவனுடைய ஒரு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்று என்னிடம் சொன்னாள்.  பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸைக் கிளறு என்பாளே, அதே குரல்.

அடக்கத்தன்று அவள் அழவில்லை. அடுத்த சனிக்கிழமை ராய்ஸின் தம்பி கிளீட் இயந்திர ரம்பத்தோடு வந்தான். விழுந்த கிளையை அறுத்து அடுக்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"மிச்சத்தையும் சாய்ச்சுடுறேன் அண்ணி."

"வேண்டாம் கிளீட்."

"அண்ணனைக் கொன்ன மரம். தினமும் இதையா பார்த்துக்கிட்டு இருப்பீங்க?"

"நவம்பர்ல காய் பொறுக்கணும்" என்றாள் வெல்டா.

கிளீட் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நவம்பரில் அவள் பொறுக்கத்தான் செய்தாள். நானும் கூட நின்றேன். பாதி சாக்கு நிறைந்த பிறகு, குனிந்தபடியே சொன்னாள்: "தண்ணி விட்டது நான்தான்."

"அதனால என்ன? பைத்தியக்காரத்தனமா பேசாத."

"தண்ணி விடலைன்னா காய் உதிர்ந்திருக்கும். கிளை கனத்திருக்காது."

ஊரில் எல்லாரும் சொன்னதையே நானும் சொன்னேன். விதி, நேரம், உன் தப்பில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வட்டார விவசாய அலுவலகத்துக்குப் போய் ஓட்மர்ஸ் என்பவரை வீட்டுக்கே அழைத்துவந்தாள்.

அவர் ஏணி போட்டு ஏறி, பிளந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இங்க பாருங்க, பட்டை உள்ளுக்குள்ள மடிஞ்சு கருத்துக் கிடக்கு. இந்த ரெண்டு கிளையும் ஒட்டவே இல்ல. ஒட்டின மாதிரி நின்னுக்கிட்டு இருந்திருக்கு. சின்னதா இருக்கும்போதே ஒண்ணை எடுத்திருக்கணும்."

"தண்ணி?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "தண்ணியும் கொஞ்சம் காரணம்தாங்க. காய் கனம் இல்லாட்டி இன்னும் சில வருஷம் நின்னிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

"காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள் வெல்டா.

அவர் போன பிறகு நான் கத்தினேன். இப்படியா ஒரு மனுஷன் பேசுவான் என்று. வெல்டா கோப்பையைக் கழுவிக்கொண்டே, "எல்லாரும் என்னைத் தட்டிக் குடுத்தீங்க. நான் கேட்டதுக்கு அந்த ஆள்தான் பதில் சொன்னாரு" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் ராய்ஸின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க ஆரம்பித்தாள். இளம் மரம் எங்கே கவை விட்டிருந்தாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். டெல்பர்ட் என்று ஒரு முரட்டுக் கிழவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கதவைப் பாதி திறந்து நின்றார்.

"இது என் மரம்மா. உனக்கென்ன வந்துச்சு?"

"உங்க மரம்தான். நாற்காலியும் உங்களுதுதானே? அதுக்குக் கீழதானே கிடக்கு?"

டெல்பர்ட் நாற்காலியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், போய் ஏணியை எடுத்துவந்தார். எதை வெட்டுவது என்று வெல்டா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மெலிந்ததை அறுத்துப் போட்டுவிட்டு இறங்கினாள். "கொலைகாரி மாதிரி வெட்டுறாளே" என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னார். அதனாலேயே இன்னும் நாலு பேர் அவளைக் கூப்பிட்டார்கள்.

பிறகு கன்றும் வளர்த்தாள். காயை ஈர மணலில் புதைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பாள். வசந்தத்தில், ஆணிவேர் நீளமாக இறங்கும் என்பதால் உயரமான குழாய்த் துண்டுகளில் நடுவாள். தண்டு விரல் பருமன் வந்ததும் நல்ல ஜாதிக் குச்சியை வைத்து ஒட்டுக் கட்டுவாள். கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தாள். ஒரே நிபந்தனை: மூன்றாவது குளிர்காலம் ரம்பத்தோடு வருவேன், மறுக்கக்கூடாது.

இதெல்லாம் அவளைத் தேற்றியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நான் பார்க்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைத்தாள். ஒருமுறை கேட்டேன், உள்ளே எப்படி இருக்கிறது என்று. "பல் டாக்டர் ஊசி போட்டா உதடு மரத்துப் போகுமே, அப்படி" என்றாள். "அது போயிடுமே வெல்டா?" "அப்படித்தான் டாக்டர் சொல்வாரு."

ராய்ஸின் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. யாராவது எடுத்தால் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒன்பதாவது வருடம், போன ஜனவரியில், கிளீட் அவளைக் கூப்பிட்டான். அவன் வீட்டுக் கன்றுக்கு மூன்றாவது குளிர்காலம். காரில் நானும் போனேன். வெல்டா அறுத்து முடித்ததும் கிளீட் எங்களுக்குப் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தான். சாப்பிடும்போது தன்னையறியாமல் பேச ஆரம்பித்தான்.

"அண்ணனுக்குப் பதினாலு வயசு. பக்கத்துப் பண்ணையில பீக்கான் திருடப் போனோம். மரத்து மேல இருக்கும்போது பண்ணைக்காரர் நாயோட வந்துட்டாரு. அண்ணன் மேல இருந்தபடியே, ஐயா, உங்க மரத்துல அணில் தொல்லை அதிகம், விரட்டிக்கிட்டு இருக்கோம்னான்..." சட்டென்று நிறுத்திவிட்டு வெல்டாவைப் பார்த்தான். "மன்னிச்சுக்குங்க அண்ணி."

வெல்டா ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.