இந்தா வந்துட்டேன்

மேனேஜர் பெங்களூரிலிருந்து அழைத்துச் சொன்னது மூன்றே வாக்கியம். சாஃப்ட்வேர் சோதனைகள் தொடர்ந்து ஒரு வாரம் பச்சையாக இருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் அது நடக்காவிட்டால் குழு முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் சரிசெய்தாக வேண்டும். நானும் அங்கே வந்துவிட வேண்டும். "உங்க நிலைமை புரியுது" என்றும் சொன்னார். அதையும் சேர்த்தால் நான்கு.

என் நிலைமை மில்லர்புரம் வீட்டின் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கூட்டிப்போக என்னை விட்டால் ஆள் இல்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யும் அனுமதியில்தான் நான் தூத்துக்குடியில் இருந்தேன். அது போனால் அவரை யார் கையில் விட்டுப் போவதென்று யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு பெயரும் தோன்றவில்லை.

நாங்கள் செய்வது ஒரு டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன கோளாறு என்று எட்டிப் பார்க்க உதவும் கருவி. அதில் யார் எந்த வரியை மாற்றினாலும் நூற்றுக்கணக்கான சோதனைகள் ஆபீஸ் கணினியில் தானாக ஓடும். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. அவற்றில் ஒரு இருபதுக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. காலையில் பச்சை, மதியம் சிவப்பு. இடையில் யாரும் ஓர் எழுத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். மறுபடி ஓட்டும் பொத்தானை அமுக்கிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்தால் பச்சை. ஒழுங்காகத் தோற்கிற சோதனையோடு சண்டையாவது போடலாம், இதுகளோடு என்ன செய்வது? என் கணினியில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோகிற பல்வலி மாதிரி.

எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். சோதனைக்குள் "இரண்டு நொடி பொறு" என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு நாள் பச்சை, மூன்றாம் நாள் சிவப்பு. இரண்டை ஐந்தாக்கினேன். ஐந்தைப் பத்தாக்கினேன். அலுத்துப் போயிற்று. கண்ணை மூடினாலும் சிவப்பு தெரிந்தது. உள்ளேயிருந்து அப்பா "ஏளா" என்று கூப்பிடுவார். "இந்தா வந்துட்டேன்ப்பா" என்பேன். சொல்லிவிட்டு அடுத்த சிவப்பைத் திறப்பேன்.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஆட்டோக்காரர் புன்னைக்காயல்காரர், நல்ல மனுஷன். போன் போட்டால் முதல் மணியிலேயே எடுத்து "இந்தா வந்துட்டேம்மா" என்பார். அன்றும் சொன்னார். அப்பாவை மெல்ல நடத்தி, கேட்டுக்கு வெளியே சுவரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினேன். ஆட்டோவைக் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா சுவரிலேயே சாய்ந்துகொண்டதும் மறுபடி அழைத்தேன்.

"அண்ணாச்சி, எங்கன நிக்கிய?"

"பழைய பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆள எறக்கிட்டிருக்கேம்மா. இந்தா வந்துட்டேன்."

அதற்குள் அப்பா சரிந்து கேட் படியில் உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்தவர். உட்கார்ந்தபடியே ஆட்டோக்காரரைத் திட்டினார். "கப்பல் வெளிக்கடல்ல கெடக்கும்போதே வந்துட்டுன்னு சொல்லுவாவளா? கயித்தக் கட்டிட்டுல்லா சொல்லணும்! மடப்பய, வந்துட்டேங்கான்."

எனக்கும் ஆட்டோக்காரர்மேல் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தோடு டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோதுதான் உறைத்தது. எங்கள் கருவி தொடங்கும்போது "தயார்" என்று ஒரு செய்தி அனுப்பும். அதைக் கேட்டதும் சோதனை போய் அதன் கதவைத் தட்டும், அதாவது அதனோடு இணையப் பார்க்கும். இத்தனை நாளும் நான் சோதனைகளைத்தான் வைதுகொண்டிருந்தேன். "தயார்" என்று சொல்கிற இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். "தயார்" என்று சொல்லும் வரி மேலே இருந்தது, கதவைத் திறக்கும் வரி அதற்கு மூன்று வரி கீழே. கணினி சும்மா இருந்தால் இந்த மூன்று வரிக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. வேலை குவிந்திருந்தால் இடையில் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். சொன்ன சொல்லை நம்பி வந்த சோதனை, பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு விழும்.

அந்த வரியை எழுதியது யார் என்று தேடினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், நான். வேறு யார் எழுதுவார்கள்? செருப்பைத் தேடும்போதே வந்துட்டேன் என்று சொல்கிற ஊர்க்காரியாயிற்றே. சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"தயார்" என்ற வரியை எடுத்து, கதவு திறந்த பிறகு வரும்படி கீழே வைத்தேன். பொறு, பொறு என்று எழுதியிருந்ததையெல்லாம் அழித்தேன். ஒரு வாரம் முழுக்கப் பச்சை. மேனேஜர் அழைத்தார்.

"யாரோட தப்பு?"

"என்னோடதுதான், சார்."

சிரித்துவிட்டார். "சரி, நீங்க அங்கயே இருங்க" என்றார். போனை வைத்துவிட்டுச் சந்தோஷம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் அசதிதான் வந்தது.

"ஏளா" என்று அப்பா கூப்பிட்டார். பாத்ரூம் போக வேண்டும்.

"இந்தா வந்..." என்று தொடங்கிய வாய் பாதியில் நின்றது. எத்தனை தடவை இந்தச் சொல்லை நம்பிக் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் இந்த மனிதர்? மேனேஜரிடம் ஒப்புக்கொண்டதை இவரிடம் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. எழுந்து போனேன். பக்கத்தில் போய் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சொன்னேன்.

"வந்துட்டேன்ப்பா."

"அதான் கையப் புடிச்சிருக்கியே" என்றார் அப்பா. "பொறவு எதுக்குச் சொல்லுத?"