அப்பா கையெழுத்திட்டு வாங்கிய என் பிரசவச் சம்பளம்

1. தலைப்பிரசவத்துக்கு வடமதுரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போனேன். அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலுக்கு ஏற்றும் சாயங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன்.

2. போகுமுன், விடுப்புக் காலச் சம்பளத்தை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, மாதத்துக்கு ஒன்றாக மூன்று கடிதங்கள் எழுதி வைத்தேன்.

3. அப்பா மூன்று முறையும் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தார்.

4. வருட முடிவில் வருமான வரி அலுவலகத்துக்குப் போன சம்பளப் பட்டியலில் அந்த மூன்று மாதமும் அப்பாவின் பெயரில் ஏறிவிட்டது.

5. அப்பா ஆசிரியராக இருந்த பள்ளிக்கு வரி அலுவலகம் எழுதிக் கேட்டது: இவருடைய இன்னொரு சம்பளம் ஏன் காட்டப்படவில்லை?

பள்ளியை நடத்தியவர் ஊர் மாதா கோயிலின் பங்குச் சாமியார். ஆசிரியர்கள் அனுமதியில்லாமல் வெளியில் வேலை பார்க்கக் கூடாது. அந்த ஜூனில் அப்பாவைத் தலைமை ஆசிரியராக்குவதாகப் பேச்சு இருந்தது. கடிதம் வந்ததும் பேச்சு நின்றது.

"வாத்தியாரே, தோல் ஷாப்புல என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாராம் சாமியார்.

"எம்மேல தோல் நாத்தம் அடிக்குதா சாமி?" என்று கேட்டுவிட்டு அப்பா வந்துவிட்டார். வீட்டில் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனேன். கணக்கு எழுதும் பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"பாய், எங்கப்பா இங்க என்ன வேலை பாத்தாரு?"

"வேலையா? கையெழுத்து அவரோடதுதானே தங்கச்சி. யாரு கையெழுத்தோ அவுக பேருதான். இருபது வருசமா அப்படித்தான் எழுதுறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தோல் கொண்டுவரும் தரகர்களில் அண்ணன் பணத்தைத் தம்பி வாங்கிப் போவான். பின்னால் வாங்கவில்லை என்பார்கள். அதனால் வாங்கியவர் பெயரையே எழுதுவது அவர் பழக்கம்.

"தரகருக்கு அது சரி பாய். இது பிரசவ லீவுச் சம்பளம். எங்கப்பாவா பிள்ளை பெத்தாரு?"

"அதுக்கு டாக்டரம்மாதான் சர்ட்டிபிகேட் குடுக்கணும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பழைய சீட்டுகளைக் குத்தி வைத்திருந்த கம்பியை எடுத்தார். என் மூன்று கடிதங்களும் அதில் இருந்தன.

தவறில் எனக்கும் பங்கு உண்டு. வருட முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒன்பது மாதச் சம்பளம் மட்டுமே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். வேலை செய்யாத மாதங்களின் சம்பளம் வருமானத்தில் சேராது என்று நினைத்திருந்தேன். விடுப்பில் இருந்தாலும் முதலாளி கொடுப்பது சம்பளம்தான். யார் கையில் வாங்கினாலும் அது வேலையில் இருப்பவரின் வருமானம்.

கடிதங்கள், ஆஸ்பத்திரிச் சான்று, திருத்திய பட்டியல் மூன்றையும் முதலாளியின் கையெழுத்தோடு வரி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நகலை அப்பா சாமியாரின் மேசையில் வைத்தார். பள்ளி திறப்பதற்குள் திருத்தத்தை ஏற்று வரி அலுவலகத்தின் பதிலும் வந்தது.

அந்த மூன்று மாதமும் இப்போது என் பெயரில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தைக் கூட்டினாலும் வரி வரம்புக்குக் கீழேதான். எனக்கு வரி இல்லை. அப்பா தலைமை ஆசிரியர் ஆகிவிட்டார். அந்தப் பதவியின் சம்பளத்துக்கு அவருக்கு வரி பிடிக்கிறார்கள். அடுத்த பிரசவத்துக்குச் சம்பளத்தை என் பெயருக்கே மணியார்டரில் அனுப்பும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.